ஜெயித்த கேசும் கவிழும்! அப்பீல் நோட்டீசு யார் வாசலுக்குப் போனது?

கேசில் ஜெயித்தவர் தோற்றுப் போன கதை தெரியுமா? அதுவும், தோற்றதே தனக்குத் தெரியாமல்!

படப்பையில் ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேர் வேண்டாம். ஊரில் பல பேருக்குப் பொருந்தும் கதை இது.

வீட்டுக்குப் பின்னால் அவருக்கு அரை கிரவுண்டு இடம். பக்கத்து மனைக்காரர் "அது என்னோடது" என்றார். முன்சீப் கோர்ட்டில் கேஸ். ஒன்பது வருஷம் இழுத்தது. வாய்தாவுக்கு வாய்தா பஸ் பிடித்துப் போனார். கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். கடைசியில் ஜெயித்தார். தீர்ப்பு நகலை மஞ்சள் பையில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "அப்பாடா, முடிஞ்சது" என்றார்.

முடியவில்லை! அங்கேதான் சங்கதி.

சம்சாரம் காலமானதும் பெரியவர் முடிச்சூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். படப்பை வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு வருஷம் போயிற்று. ஒரு நாள் ஊரிலிருந்து போன். "ஐயா, உங்க இடத்துல கல்லு நடுறாங்க, உடனே வாங்க!"

அலறி அடித்துக்கொண்டு ஓடினார். "தீர்ப்பு என் கையில இருக்கு. நீ எப்படிக் கல்லு நடலாம்?" என்று கேட்டார்.

பக்கத்து மனைக்காரர் பதற்றமே இல்லாமல் சொன்னார்: "பெரியவரே, அது பழைய தீர்ப்பு. அப்பீல்ல நான் ஜெயிச்சிட்டேன். கோர்ட்டு கூப்பிட்டுச்சே, நீங்கதான் வரலை!"

கோர்ட்டு கூப்பிட்டதா? எப்போது? எங்கே?

பூட்டிய கதவு

கூப்பிட்டது உண்மைதான். பூட்டிய கதவைக் கூப்பிட்டது!

நடந்தது இதுதான். தோற்றவர் மேல்கோர்ட்டில் அப்பீல் போட்டார். மாவட்ட அளவிலுள்ள கோர்ட்டுக்கு அப்பீல் போக 30 நாள், ஐகோர்ட்டுக்கு என்றால் 90 நாள் என்பது 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம். தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாட்கள் இதில் சேராது. அவர் காலத்தோடு போட்டார். குற்றம் சொல்ல முடியாது. அது அவர் உரிமை.

அப்பீல் போட்டால் எதிராளிக்கு நோட்டீசு போக வேண்டும். 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தில் 41-வது ஆர்டர் என்று ஒரு பகுதி உண்டு. அப்பீல் சமாசாரம் முழுக்க அதில்தான். விசாரணைக்குக் குறித்த நாளை எதிராளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதன் 14-வது விதி சொல்கிறது. கேஸ் தொடங்கும்போது பிரதிவாதிக்குச் சம்மன் எப்படிப் போகிறதோ, அதே முறையில் இந்த நோட்டீசும் போக வேண்டும்.

போயிற்று. எந்த விலாசத்துக்கு? ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கேஸ் கட்டில் இருந்த படப்பை விலாசத்துக்கு! தபால் திரும்பியது. அமீனா வந்தார். கதவில் பூட்டு. நோட்டீசைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். வெயிலும் மழையும் அதைப் படித்தன. பெரியவர் படிக்கவில்லை. குறித்த நாளில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆள் இல்லை. எக்ஸ்பார்ட்டி! ஒரு தரப்பை மட்டும் கேட்டு அப்பீல் முடிந்தது.

கோவலனை ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டியதற்கு மதுரையே எரிந்தது. அது கதை. இங்கே அரை கிரவுண்டு போனால் யார் எரிக்கப் போகிறார்கள்? பெரியவரின் வயிறுதான் எரியும்!

தெரியாத விதி

இதில் யார் மேல் தப்பு? அப்பீல்காரர் மேலா? அமீனா மேலா? கோர்ட்டு மேலா? கொஞ்சம் பொறுங்கள். பெரியவர் மேலும் ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கேஸ் நடக்கும்போது ஒவ்வொரு தரப்பும் கோர்ட்டில் ஒரு விலாசம் கொடுக்கிறது. வக்கீல் குமாஸ்தா நிரப்பித் தருவார், நாம் கையெழுத்துப் போடுவோம். அதோடு மறந்துவிடுவோம். ஆனால் சட்டம் மறப்பதில்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 6-வது ஆர்டரில் 14-ஏ என்ற விதி 1976-ம் வருஷத் திருத்தத்தில் வந்தது. அது என்ன சொல்கிறது தெரியுமா?

நீங்கள் கொடுத்த விலாசம் 'பதிவு விலாசம்'. அந்தக் கேசுக்கு மட்டும் அல்ல. அதிலிருந்து போகும் அப்பீலுக்கும் அதுதான், தீர்ப்பை நிறைவேற்றும் நடவடிக்கைக்கும் அதுதான். விவகாரம் முற்றாக முடிந்த பிறகும் இரண்டு வருஷத்துக்கு அது உயிரோடு இருக்கும். அங்கே நோட்டீசு போனால், நீங்கள் அங்கே குடியிருப்பதாகவே வைத்துச் சார்பு செய்யலாம். வீடு மாறினால் நீங்களே மனுப் போட்டு விலாசத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வீடு மாறினால் என்ன செய்கிறோம்? கேஸ் சிலிண்டருக்கு விலாசம் மாற்றுகிறோம். பேங்கில் மாற்றுகிறோம். ரேஷன் கார்டை மாற்ற நாலு நடை நடக்கிறோம். கோர்ட்டு கேசுக்கு விலாசம் மாற்றியவர் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!

"என் வக்கீலுக்குத் தெரியுமே, அவர் சொல்லமாட்டாரா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் உங்கள் வக்கீல் கீழ்க்கோர்ட்டுக்கு வக்காலத்துப் போட்டவர். வேறு கோர்ட்டு அனுப்பும் நோட்டீசை அவரிடம் கொடுத்தால் அது உங்களுக்குக் கொடுத்ததாக ஆகாது. வக்காலத்தில் நீங்கள் வெளிப்படையாகச் சம்மதித்து எழுதியிருந்தால்தான் ஆகும். ஆகவே மேல்கோர்ட்டு நோட்டீசு உங்களைத் தேடித்தான் வரும். உங்களை என்றால், உங்கள் பழைய விலாசத்தை!

நம்ம ஊர் விசேஷம்

இந்தத் தொல்லை எல்லா ஊரிலும் உண்டு. படப்பைப் பக்கம் கொஞ்சம் அதிகம் என்பேன்.

1990-களின் தொடக்கத்தில் இங்கே ஒருவர் கேஸ் போட்டிருந்தால் விலாசத்தில் என்ன எழுதியிருப்பார்? செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், ஸ்ரீபெரும்புதூர் தாலுகா. 1997-ல் அந்த மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. இப்போது படப்பை காஞ்சிபுரம் மாவட்டம், குன்றத்தூர் தாலுகா. அதே ரோட்டில் வரும் மண்ணிவாக்கமும் முடிச்சூரும் செங்கல்பட்டு மாவட்டம். பெரியவர் குடிபோனது பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். ஆனால் மாவட்டமே மாறிவிட்டது!

இன்னொன்று. ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்தன. நிலம் விலை ஏறியது. வயல் எல்லாம் நகர் ஆனது. கேஸ் போட்டபோது 'சர்வே நம்பர் இத்தனை' என்று இருந்த இடம், பிறகு 'பிளாட் நம்பர் இத்தனை' ஆனது. அப்புறம் தெரு வந்தது. தெருவுக்கு ஒரு கதவு நம்பர். பழைய நம்பர், புது நம்பர் என்று அதிலும் இரண்டு. பரம்பரையாக இருந்தவர் விற்றுவிட்டுப் போனார். புதிதாக வந்தவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பேர் தெரியாது. தபால்காரர் என்ன செய்வார்? "இப்படி ஒரு ஆள் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்புவார்.

நிலம் விலை ஏறினால் கேஸ் ஏறும். கேஸ் ஏறினால் அப்பீல் ஏறும். விலாசமோ பழைய இடத்திலேயே நிற்கும்!

சென்னை கேஸ், லண்டன் கண்டிப்பு

நோட்டீசு என்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய சங்கதி.

வெள்ளைக்காரன் காலத்தில் நம்ம ஐகோர்ட்டில் ஒரு பழக்கம் இருந்தது. ஒருவர் காலம் தாண்டி அப்பீல் கொண்டு வருவார். தாமதத்தை மன்னிக்கும்படி மனுக் கொடுப்பார். எதிராளிக்குச் சொல்லாமலே மனுவை ஏற்று, அப்பீலை எடுத்துக்கொள்வார்கள். பிற்பாடு விசாரணையின்போது எதிராளி வந்து ஆட்சேபிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

சட்டப் புத்தகங்களில் கிருஷ்ணசாமி பணிகொண்டார் - ராமசாமி செட்டியார் வழக்கு என்று ஒன்று உண்டு. சென்னையிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு. 1917-ல் பிரிவி கவுன்சில் இந்தப் பழக்கம் சரியல்ல என்றது. காலம் கடந்த அப்பீல் என்றால், ஏற்கும் கட்டத்திலேயே எதிராளிக்குத் தெரிவித்து, அவரையும் கேட்டு, அந்தத் தகராறை முதலில் தீர்க்க வேண்டும் என்று வழி சொன்னது.

ஏன்? கெடு தாண்டிவிட்டால் ஜெயித்தவருக்கு ஒரு நிம்மதி பிறக்கிறது. அந்த நிம்மதியும் ஒரு சொத்து. அதைப் பறிக்கும் முன் அவரை ஒரு வார்த்தை கேள் என்பதுதான் நியாயம்.

அது சட்டப் புத்தகத்தில் ஏற ஏறக்குறைய அறுபது வருஷம் ஆனது! 1976-ம் வருஷத் திருத்தத்தில் 41-வது ஆர்டரில் 3-ஏ என்ற விதி சேர்ந்தது. தாமதமாக அப்பீல் போடுகிறவர் காரணத்தைச் சத்தியப் பிரமாணத்தோடு சொல்ல வேண்டும். அந்த மனுவை நோட்டீசு இல்லாமலே தள்ளிவிட்டால் சரி. இல்லையென்றால் எதிராளிக்கு நோட்டீசு அனுப்பி, அவரையும் கேட்டு, முடிவு செய்த பிறகுதான் அப்பீலுக்குள் போக வேண்டும்.

ஆக, நோட்டீசு என்பது ஒரு காகிதம் அல்ல. ஜெயித்தவரின் வாயைத் திறக்கும் சாவி.

அமீனா வந்தால்

சரி, அமீனா வீட்டுக்கு வருகிறார். ஆண்கள் ஷிப்டுக்குப் போயிருக்கிறார்கள். வீட்டில் அம்மா மட்டும். "அவரு இல்லைங்க, ஞாயித்துக்கிழமை வாங்க" என்கிறார்.

முன்பு வீட்டிலுள்ள வயது வந்த ஆண்பிள்ளைதான் நோட்டீசை வாங்க முடியும் என்று இருந்தது. 1976-ல் அதுவும் மாறிவிட்டது. எதிராளி வீட்டில் இல்லை, சீக்கிரம் வருவதாகவும் தெரியவில்லை என்றால், வீட்டில் கூட இருக்கும் வயது வந்த ஆணோ பெண்ணோ வாங்கலாம். வேலைக்காரர் வாங்கினால் செல்லாது.

வாங்க மறுத்தால்? கையெழுத்துப் போடமாட்டேன் என்றால்? கதவில் ஒட்டலாம். ஒட்டிய விவரத்தையும், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், சாட்சி யார் என்பதையும் அமீனா எழுதி கோர்ட்டுக்குக் கொடுக்க வேண்டும். கோர்ட்டு திருப்தி அடைந்தால் 'சார்பு ஆகிவிட்டது' என்று முடிவு செய்யும். ஆகவே, வாங்காவிட்டால் கேஸ் நிற்கும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கேஸ் நிற்காது. நீங்கள்தான் வெளியே நிற்பீர்கள்!

ஆளே அகப்படவில்லை என்றால், அல்லது ஒளிந்து திரிகிறார் என்று கோர்ட்டு நம்பினால், பத்திரிகையில் விளம்பரம் போடச் சொல்லும். எதிராளி கடைசியாகக் குடியிருந்த, தொழில் செய்த வட்டாரத்தில் போகும் தினப் பத்திரிகையாக அது இருக்க வேண்டும். பத்திரிகை மூலையில் பொடி எழுத்தில் வருகிறதே, அதுதான். சினிமாச் செய்தியைப் படிக்கிற நாம் அதைப் படிக்கிறோமா? ரயிலில் வேர்க்கடலை மடிக்கப் போய்விடுகிறது!

தோற்றவர் கட்சியும் உண்டு

அப்பீல் போட்டவர் பக்கத்தையும் பேச வேண்டும். கடைக்காரர், குமாஸ்தா என்று நம்மில் எத்தனையோ பேர் அப்பீல் போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம்.

அவர் கஷ்டம் வேறு. பாகப் பிரிவினைக் கேஸ் என்றால் எதிராளிகள் பத்துப் பேர். ஒருவர் துபாயில். ஒருவர் பெங்களூரில். ஒருவர் இருக்கும் இடமே தெரியாது. ஒன்பது பேருக்குச் சார்பு ஆகி, ஒருவருக்கு ஆகவில்லை என்றால் வாய்தா தள்ளிக்கொண்டே போகும். எதிராளி வேண்டுமென்றே ஓடி ஒளிந்தால் அப்பீல்காரர்தான் பாவம். ஒளிகிறவருக்காக நான் கண்ணீர் விடவில்லை. அவர் எக்ஸ்பார்ட்டி ஆவது நியாயம்தான். தெரிந்தும் வராதவர் வேறு. தெரியாமல் வராதவர் வேறு.

அப்பீல்காரருக்கு மூன்று வார்த்தை. ஒன்று, பேட்டா. நோட்டீசு அனுப்பும் கட்டணத்தைக் கெடுவுக்குள் கட்டுங்கள். நகல்களைக் கொடுங்கள். "வக்கீல் பார்த்துப்பார்" என்று விட்டுவிட்டு, பேட்டா கட்டாததால் அப்பீலே தள்ளுபடி ஆனவர்கள் உண்டு.

இரண்டு, எதிராளி இறந்துவிட்டார் என்று நோட்டீசு திரும்பினால் தூங்காதீர்கள். இறந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் அவர் வாரிசுகளைக் கேசில் சேர்க்க மனுப் போட வேண்டும். தவறினால் அவரைப் பொறுத்து அப்பீல் அற்றுப்போகும். அதை நீக்கக் கேட்க மேற்கொண்டு 60 நாள்தான்.

மூன்று, எதிராளியின் புது விலாசம் தெரிந்தால் அதைக் கொடுங்கள். தெரிந்தே பழைய விலாசத்துக்கு அனுப்பி, வராத ஆளை ஜெயிப்பது ஒரு ஜெயமா? அது நிலைக்கவும் நிலைக்காது. ஏன் என்று கேளுங்கள்.

கதவு இன்னும் திறந்திருக்கிறது

நம் பெரியவருக்கு ஒரு வழி உண்டு. 41-வது ஆர்டரின் 21-வது விதி. நோட்டீசு முறையாகச் சார்பு ஆகவில்லை என்றோ, வர முடியாமல் போனதற்குத் தக்க காரணம் உண்டு என்றோ காட்டினால், அதே மேல்கோர்ட்டு அப்பீலை மறுபடி விசாரிக்கும்.

கெடு 30 நாள். எந்த நாளிலிருந்து? சாதாரணமாகத் தீர்ப்பு நாளிலிருந்து. நோட்டீசு முறையாகச் சார்பு ஆகவில்லை என்றால், தீர்ப்பு விஷயம் தெரிந்த நாளிலிருந்து. பத்திரிகை விளம்பரம் போன்ற மாற்று முறையில் அறிவித்திருந்தால் இந்தக் கணக்குக்கு அது முறையான சார்பு ஆகாது என்று காலவரையறைச் சட்டமே விளக்கம் சொல்கிறது.

பெரியவருக்கு வழக்கு சுலபம் என்று சொல்லமாட்டேன். "பதிவு விலாசத்தை நீ ஏன் மாற்றவில்லை?" என்று எதிர்த் தரப்பு கேட்கும். அதுதான் அவர் பலவீனம். "நான் முடிச்சூரில் இருப்பது பக்கத்து மனைக்காரருக்குத் தெரியுமே, என் சம்சாரத்தின் கருமாதிக்கு வந்தாரே" என்று பெரியவர் சொல்லலாம். நியாயமான வாதம். ஆனால் முப்பது நாளுக்குள் போய்ச் சொல்ல வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்து பேசிக்கொண்டு மூன்று மாசம் ஓட்டினால், அப்புறம் தாமதத்துக்கும் ஒரு மனு, அதற்கும் ஒரு காரணம் என்று பாரம் ஏறும்.

இன்னொரு நஷ்டமும் சொல்கிறேன். கீழ்க்கோர்ட்டு உங்களுக்குப் பாதி கொடுத்து, மீதியைக் கொடுக்காமல் விட்டிருக்கலாம். எதிராளி அப்பீல் போட்டால், விட்டுப்போன பாதிக்காக நீங்களும் அதிலேயே எதிர் ஆட்சேபம் போடலாம். நோட்டீசு சார்பு ஆன நாளிலிருந்து ஒரு மாதம் கெடு. நோட்டீசு வந்தது தெரியாவிட்டால் அந்த வாய்ப்பும் காற்றில் போகும்!

மூன்று காரியம்

நம் கோரிக்கை பெரிதல்ல.

ஒன்று: தீர்ப்பு சொல்லும் அன்றே இரு தரப்புக்கும் ஒரு சீட்டுக் கொடுங்கள். "உங்கள் பதிவு விலாசம் இது. அப்பீல் வந்தால் நோட்டீசு இங்கேதான் வரும். வீடு மாறினால் மனுப் போடுங்கள்" என்று தமிழில் நாலு வரி. போதும். சட்டம் தெரியாதது தப்பு என்று சொல்வது சுலபம். சொல்லிக் கொடுப்பது அதைவிடச் சுலபம்.

இரண்டு: அப்பீல் போடுகிறவர் எதிராளியின் இப்போதைய விலாசத்தையும் போன் நம்பரையும், தனக்குத் தெரிந்தவரை, பிரமாணத்தோடு எழுதித் தரட்டும். மறைத்தது தெரிந்தால் செலவுத் தொகை கட்டச் சொல்லுங்கள். 2002-ல் அமலான திருத்தத்தில் கூரியர், மின்னஞ்சல் எல்லாம் சட்டத்தில் ஏறிவிட்டன. கையில் இவ்வளவு வழி இருக்க, பூட்டிய கதவோடு மட்டும் பேசுவானேன்?

மூன்று: கதவில் ஒட்டினால் படம் எடுங்கள். அமீனா எந்த இடத்தில், எத்தனை மணிக்கு நின்றார் என்பதைப் படத்தோடு பதிவு செய்ய 'என்ஸ்டெப்' என்ற மின்னணு ஏற்பாடு கோர்ட்டுகளுக்காக வந்திருக்கிறது. ஒட்டுகிற ஒவ்வொரு நோட்டீசுக்கும் அது கட்டாயமாக இருக்கட்டும். பூட்டு துருப்பிடித்திருந்தால் ஜட்ஜ் கண்ணுக்கே தெரியும், அங்கே ஆள் இல்லை என்று!

இன்று ராத்திரி

கோர்ட்டு செய்யும்போது செய்யட்டும். நாம் செய்ய வேண்டியதை இன்று ராத்திரியே செய்யலாம்.

வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து கேஸ் கட்டை எடுங்கள். அதில் உங்கள் விலாசம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மாறியிருந்தால் நாளைக்கே வக்கீலைப் பார்த்து மனுப் போடச் சொல்லுங்கள். ஜெயித்த கேஸ் என்றால் மேல்கோர்ட்டில் கேவியட் போட முடியுமா என்றும் கேளுங்கள். உங்களுக்குச் சொல்லாமல் தடை உத்தரவு போடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வைக்கும் மனு அது. 90 நாள் செல்லும். தேவைப்பட்டால் மறுபடி போடலாம்.

வீட்டில் போன் வைத்திருக்கும் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். ஈ-கோர்ட்ஸ் சேவையில் உங்கள் பேரைப் போட்டு, உங்கள் மேல் ஏதாவது அப்பீல் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாள் முழுக்க அதில் என்னென்னவோ பார்க்கிறார்கள். தாத்தாவின் அரை கிரவுண்டையும் ஒரு தடவை பார்க்கட்டும்!

கேசில் ஜெயிப்பது பாதி வேலை. ஜெயித்த பிறகு கோர்ட்டு கூப்பிட்டால் காதில் விழும் இடத்தில் நிற்பது மீதி வேலை.